கொடைக்கானல்ல துப்பாக்கிக் கடை போடலாமா? லைசென்ஸ், ஜிஎஸ்டி, முதலீடு – முழுக் கணக்கு



நம்ம சேனல்ல இதுவரைக்கும் டீக்கடை, ஹோம்ஸ்டே, மசாலா பாக்கெட், காப்பித்தூள் அரவை மில்னு நிறைய பிசினஸுக்கு கணக்கு போட்டுப் பார்த்திருக்கோம். இன்னைக்கு டாபிக் கொஞ்சம் வித்தியாசமானது. இதை வீடியோவா போடல, எழுத்துல மட்டும்தான் தர்றேன். துப்பாக்கி விற்பனை சம்பந்தமான வீடியோக்களுக்கு யூடியூப்ல கட்டுப்பாடு ஜாஸ்தி. நம்ம வீடியோ விற்பனைக்கு இல்ல, விளக்கத்துக்குத்தான். ஆனா அந்த வித்தியாசம் கம்ப்யூட்டருக்குப் புரியும்னு நம்பி சேனலை ரிஸ்க்ல விட நான் தயாரா இல்ல.

போன மாசம் ஒரு தம்பி என் ஆபீஸுக்கு வந்தார். ஊர் பெருமாள்மலை பக்கம். கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மலைவாழை. அப்பா ரிட்டயர்டு ஆசிரியர். ரிட்டயர்மெண்ட் பணத்துல 22 லட்சம் கையில இருக்கு. தம்பி சொன்னது இதுதான்: "சார், மலையில காட்டுப்பன்னி தொல்லை தாங்கல. எல்லாருக்கும் துப்பாக்கி வேணும். ஆனா மலை மேல ஒரு துப்பாக்கிக் கடைகூட இல்ல. நான் டீலர் லைசென்ஸ் எடுத்து கடை போட்டா போட்டியே இருக்காது. ஏஜென்ட் ஒருத்தர்கிட்ட 3 லட்சம் அட்வான்ஸ் குடுத்துட்டேன். ஜிஎஸ்டி மட்டும் நீங்க எடுத்துக் குடுங்க."

ஜிஎஸ்டி எடுக்கறது பெரிய விஷயம் இல்ல. ஆனா அவர்கிட்ட நான் முதல்ல கேட்ட கேள்வி வேற: "தம்பி, உங்க தோட்டம் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துல இருந்து எத்தனை கிலோமீட்டர்?"

அந்தக் கேள்வியை ஏன் கேட்டேன்னு படிச்சு முடிக்கறப்ப புரிஞ்சுடும். ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். நான் சிஏ, வக்கீல் இல்ல. சட்டப் பகுதியை வழிகாட்டியா எடுத்துக்கங்க. கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு வக்கீலைப் பாருங்க.

முதல்ல சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவுல துப்பாக்கி சம்பந்தப்பட்ட எல்லாத்துக்கும் அடிப்படை 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதோட கூட 2016ல வந்த ஆயுத விதிகள். இதுல நமக்கு முக்கியமா ரெண்டு பிரிவு.

பிரிவு 3: துப்பாக்கி வாங்க, கையில வச்சிருக்க, எடுத்துட்டுப் போக லைசென்ஸ் வேணும். இது வாடிக்கையாளருக்கானது.

பிரிவு 5: துப்பாக்கி செய்ய, விக்க, மாத்திக் குடுக்க, ரிப்பேர் பண்ண, சோதிக்க, விற்பனைக்கு வச்சிருக்க லைசென்ஸ் வேணும். இது கடைக்காரருக்கானது.

கவனிங்க, ரிப்பேரும் பிரிவு 5லதான் வருது. "நான் விக்கல சார், பழுது மட்டும் பார்க்கிறேன்"னு சொல்லித் தப்பிக்க முடியாது.

லைசென்ஸ் இல்லாம இந்தத் தொழிலைச் செஞ்சா என்ன ஆகும்? 2019 டிசம்பர்ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சபட்ச தண்டனை 7 வருஷம் சிறை. அதிகபட்சம் ஆயுள். ஜிஎஸ்டி ரிட்டர்ன் லேட்டானா அபராதம் கட்டிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இங்க அந்தக் கதை கிடையாது.

அதே 2019 திருத்தம் இன்னொரு மாற்றமும் செஞ்சது. தனிநபர் ஒருத்தர் அதிகபட்சம் 3 துப்பாக்கி வச்சுக்கலாம்னு இருந்ததை 2ஆ குறைச்சது. டீலருக்கும் ரைபிள் கிளப்புக்கும் இந்த வரம்பு இல்ல. ஆனா ஒரு வியாபாரியா யோசிச்சுப் பாருங்க. உங்க வாடிக்கையாளர் வாழ்நாள் முழுக்க வச்சுக்கக்கூடியதே ரெண்டு பீஸ்தான். செல்போன் மாதிரி ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மாத்தவும் மாட்டார். நல்ல துப்பாக்கி தாத்தா காலத்துல வாங்கினது பேரன் காலம் வரைக்கும் ஓடும். இந்தப் பாயிண்டை ஞாபகம் வச்சுக்கங்க, கணக்கு போடறப்ப திரும்ப வருது.

லைசென்ஸ் நடைமுறை

ஆயுத லைசென்ஸ் எல்லாம் இப்ப தேசிய தரவுத்தளத்துல பதிவாகுது. ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தனி அடையாள எண் உண்டு. விண்ணப்பம் போட்டதும் உங்க பகுதி காவல் நிலையத்துல இருந்து அறிக்கை கேட்பாங்க. உங்க மேல வழக்கு இருக்கா, இடம் பாதுகாப்பானதா, ஏன் இந்தத் தொழில், பணம் எங்கிருந்து வருது, எல்லாம் விசாரணையில வரும்.

இதுல மூணு நல்ல விஷயம் சட்டத்துல இருக்கு, பலருக்குத் தெரியாது.

ஒண்ணு: சொத்து போதுமான அளவு இல்லைங்கிற ஒரே காரணத்துக்காக லைசென்ஸ் மறுக்கக் கூடாதுன்னு பிரிவு 14 தெளிவா சொல்லுது. "உன் பேர்ல நிலம் இல்லையே"ங்கிறது மட்டும் காரணம் ஆகாது.

ரெண்டு: மறுத்தா காரணத்தை எழுத்துல பதிவு பண்ணணும். நீங்க கேட்டா அதோட சுருக்கத்தைத் தரணும். பொதுநலன் கருதித் தர முடியாதுன்னு அதிகாரி முடிவு பண்ணினா மட்டும்தான் விதிவிலக்கு.

மூணு: பிரிவு 18ன் கீழ மேல்முறையீடு உண்டு.

இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, உங்ககிட்ட சட்டப்படி இவ்வளவு வழி இருக்கறப்ப "நான் முடிச்சுத் தர்றேன்"னு சொல்ற ஏஜென்டுக்கு 3 லட்சம் குடுக்க அவசியமே இல்ல. அரசுக் கட்டணத்துக்கு ரசீது உண்டு. ரசீது இல்லாத 3 லட்சம் உங்க புத்தகத்துல செலவாக்கூட ஏறாது. அது லஞ்சமா போயிருந்தா, குடுத்தவரும் குற்றவாளி. அந்தத் தம்பிக்கு இதைச் சொன்னப்ப அவர் முகம் மாறினதைப் பார்க்கணும்.

கொடைக்கானலுக்குன்னு இருக்கிற பெரிய பூட்டு

இப்ப அந்தக் கிலோமீட்டர் கேள்விக்கு வருவோம்.

2013ல கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பளவு சுமார் 600 சதுர கிலோமீட்டர். பழனி மலையோட ஒரு பகுதி இதுக்குள்ள வருது. கொடைக்கானல் ஊரே கிட்டத்தட்ட அதோட ஓரத்துலதான் உட்கார்ந்திருக்கு.

1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் பிரிவு 34 என்ன சொல்லுதுன்னா, ஒரு சரணாலயத்துல இருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ள, தலைமை வன உயிரினக் காப்பாளரோட முன் இசைவு இல்லாம, ஆயுதச் சட்டத்தின் கீழ எந்தப் புது லைசென்ஸும் தரக் கூடாது. ஏற்கனவே லைசென்ஸ் வச்சிருக்கிறவங்களும் சரணாலயம் அறிவிச்ச 3 மாசத்துக்குள்ள வனத்துறையில பேரைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கணும்.

அந்த வாசகத்தை நல்லா கவனிங்க. "விவசாயி லைசென்ஸ்", "தனிநபர் லைசென்ஸ்"னு பிரிச்சு எழுதல. ஆயுதச் சட்டத்தின் கீழ புது லைசென்ஸ்னு பொதுவா எழுதியிருக்கு. டீலர் லைசென்ஸும் ஆயுதச் சட்டத்தின் கீழ வர்றதுதானே?

அப்ப என்ன அர்த்தம்? காவல்துறை ஓகே சொன்னாலும், வருவாய்த்துறை ஓகே சொன்னாலும், வனத்துறை இசைவு இல்லாம ஃபைல் நகராது.

இதைவிட முக்கியமானது இன்னொண்ணு. பூட்டு உங்க கடைக்கு மட்டும் இல்ல, உங்க கஸ்டமருக்கும் அதே பூட்டுதான். பெருமாள்மலை, வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர், கூக்கால்னு நீங்க யாரை நம்பி கடை போடறீங்களோ, அவங்க புதுசா லைசென்ஸ் வாங்கறதுக்கும் இதே இசைவு வேணும். லைசென்ஸ் இல்லாத கஸ்டமருக்கு நீங்க ஒரு தோட்டாகூட விக்க முடியாது. வாங்கறவருக்கு உரிமை இருக்கான்னு சரிபார்க்காம ஆயுதத்தைக் குடுத்தா பிரிவு 29ன் கீழ நீங்களும் குற்றவாளி.

"போட்டியே இல்ல"ன்னு தம்பி சொன்னார் இல்லையா? ஒரு ஊர்ல ஒரு தொழிலுக்குப் போட்டியே இல்லைன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். யாருக்கும் தோணலை, இல்லைன்னா தோணினவங்க எல்லாம் கணக்கு போட்டுப் பார்த்துட்டு விலகிட்டாங்க.

"ஆனா காட்டுப்பன்னி தொல்லை நிஜம்தானே சார்?"

நூத்துக்கு நூறு நிஜம். ராத்திரி ஒரே நேரத்துல உருளைக்கிழங்கு வயலையே உழுத மாதிரி பண்ணிட்டுப் போயிடும். காட்டெருமை வந்தா கேரட், பீன்ஸ் எதுவும் மிஞ்சாது. இதை நான் குறைச்சுச் சொல்லல.

பயிர்ப் பாதுகாப்புக்குன்னு ஆயுதச் சட்டத்துலயே இடம் இருக்கு. வாய்வழியா மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கிக்கு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புன்னா லைசென்ஸ் தரலாம்னு பிரிவு 13 சொல்லுது. ஆனா லைசென்ஸ் இருக்கிறதால பன்னியைச் சுடலாம்னு அர்த்தம் இல்ல. காட்டுப்பன்னியும் காட்டெருமையும் வனவிலங்குச் சட்டத்தோட பட்டியல்ல இருக்கு. சுட்டா வேட்டை வழக்குதான். தன் உயிரையோ அடுத்தவர் உயிரையோ காப்பாத்த நல்லெண்ணத்தோட செஞ்சா சட்டம் விலக்கு தருது. ஆனா கேரட் உயிர்க் கணக்குல வராது.

கேரளாவுல 2022ல உள்ளாட்சித் தலைவர்கள் உத்தரவு போட்டு, லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க மூலமா காட்டுப்பன்னியைச் சுட வழி பண்ணினாங்க. இதைக் கேட்டுட்டு இங்கயும் அப்படித்தான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. தமிழ்நாட்டுல 2025 ஜனவரியில வந்த நடைமுறை வேற. காப்புக்காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுட அனுமதி இல்ல. 1ல இருந்து 3 கிலோமீட்டர் வரைக்கும் கூண்டு வச்சுப் பிடிக்கிறது. 3 கிலோமீட்டருக்கு அப்பால மட்டும் சுடலாம். அதுவும் வனத்துறைக்காரங்கதான், விவசாயி இல்ல. மலை மேல காட்டை விட்டு 3 கிலோமீட்டர் தள்ளி எத்தனை தோட்டம் இருக்கு? நீங்களே எண்ணிப் பாருங்க.

ஆக, "பன்னி இருக்கு, அதனால துப்பாக்கிக்கு டிமாண்ட் இருக்கு"ங்கிற சங்கிலி நடுவுலயே அறுந்துபோச்சு. தேவை நிஜம், ஆனா சட்டப்படி பில் போட்டு விக்கக்கூடிய டிமாண்ட் வேற.

வாங்க, கணக்கு போடுவோம்

சரி, வனத்துறை இசைவும் கிடைச்சிடுச்சுன்னே வச்சுக்குவோம். கீழ இருக்கிற தொகை எல்லாம் நம்ம கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட அனுமானம். உங்க இடத்துக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கங்க.

முதலீடு:

கடை அட்வான்ஸ்: 1.5 லட்சம்.

பாதுகாப்பு அறை, இரும்புப் பெட்டகம், கேமரா, அலாரம்: 5 லட்சம். பூட்டுக்கும் பெட்டகத்துக்கும் திண்டுக்கல்லை விட்டு வேற எங்கயும் தேட வேண்டாம், அது ஒரு வசதி. ஆனா மலை மேல கட்டடத்துல சுவரை மாத்தவோ பலப்படுத்தவோ மலைப்பகுதிக் கட்டட விதிகளைப் பார்க்கணும்.

சரக்கு: நீளத் துப்பாக்கி 6 லட்சம், ரிவால்வர் 4 லட்சம். மொத்தம் 10 லட்சம், வரி தனி.

ஜிஎஸ்டி: நீளத் துப்பாக்கிக்கு 18 சதவீதம், அதாவது 1.08 லட்சம். ரிவால்வர், பிஸ்டலுக்கு 28 சதவீதமா இருந்தது 2025 செப்டம்பர் 22ல இருந்து 40 சதவீதம். 4 லட்சத்துக்கு 1.6 லட்சம். மொத்த வரி 2.68 லட்சம்.

லைசென்ஸ் வர்ற வரைக்கும் காத்திருக்கிற வாடகை: மாசம் 15,000 வீதம் ஒரு வருஷம், 1.8 லட்சம். எந்த இடத்துல கடைன்னு காட்டினாத்தான் விசாரணையே நடக்கும். அதனால லைசென்ஸ் வந்த அப்புறம் கடை பிடிச்சுக்கலாம்னு இருக்க முடியாது.

கூட்டினா 20.98 லட்சம். கிட்டத்தட்ட 21 லட்சம்.

அப்பாகிட்ட இருந்தது 22. ஏஜென்டுக்குப் போனது 3. மீதி 19. கடை திறக்கிறதுக்கு முன்னாடியே 2 லட்சம் துண்டு விழுது.

ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டா எடுத்துக்கலாமேன்னு கேட்பீங்க. எடுத்துக்கலாம், ஆனா சரக்கு வித்தாத்தான் அந்தக் கிரெடிட் பயன்படும். ரிவால்வர் ஷோகேஸ்ல ரெண்டு வருஷம் இருந்தா, அந்த 1.6 லட்சமும் ரெண்டு வருஷம் வட்டி இல்லாம தூங்கும். வேகமா விக்கிற கடைக்கு ஜிஎஸ்டி பிரச்சினையே இல்ல. மெதுவா விக்கிற கடைக்கு அது ஒரு இரண்டாவது முதலீடு.

மாசச் செலவு:

வாடகை 15,000. ஒரு உதவியாள், ஒரு காவலாள் 30,000. இன்சூரன்ஸ், கரண்ட், கேமரா பராமரிப்பு 7,000. கணக்கு, ரிட்டர்ன், பதிவேடு 3,000. உங்க வீட்டுச் செலவுக்கு 25,000. மொத்தம் 80,000.

லாப விகிதம் 15 சதவீதம்னு வைப்போம். 80,000 வரணும்னா மாசம் 5.33 லட்சத்துக்கு விக்கணும். வருஷத்துக்கு 64 லட்சம். ஒரு துப்பாக்கி சராசரி 60,000னு வச்சா மாசம் 9, வருஷத்துக்கு 107 துப்பாக்கி.

இப்ப அந்தப் பழைய பாயிண்டுக்கு வாங்க. ஒரு ஆளுக்கு அதிகபட்சம் 2. ஒருதடவை வாங்கினா திரும்ப வர மாட்டார். அப்ப வருஷா வருஷம் நூறு பேர் பக்கம் புதுசா வாங்கற உரிமையோட வரணும், அதுவும் புது லைசென்ஸுக்கே வனத்துறை இசைவு கேட்கிற ஒரு மலையில. அதுவும் லாபத்துக்கு இல்ல, கையைக் கடிக்காம இருக்கறதுக்கு மட்டும்.

இதே 22 லட்சத்தை அப்பா மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல போட்டா? இதை எழுதறப்ப வட்டி 8.2 சதவீதம். வருஷம் 1,80,400 ரூபாய். மூணு மாசத்துக்கு ஒருதடவை 45,100 வங்கிக் கணக்குல வந்து விழும். கேமரா வேண்டாம், காவலாள் வேண்டாம், ராத்திரி தூக்கம் நிச்சயம்.

அப்ப துப்பாக்கிக் கடைக்காரங்க எல்லாம் எப்படிப் பொழைக்கிறாங்க?

நல்ல கேள்வி. சமவெளியில பழைய கடைகளுக்கு துப்பாக்கி விற்பனை மட்டும் வருமானம் இல்ல. ரிப்பேர், தோட்டா, பராமரிப்புப் பொருள், அப்புறம் முக்கியமா பாதுகாப்பு டெபாசிட். தேர்தல் வந்தா லைசென்ஸ் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லுவாங்க. லைசென்ஸ் காலாவதி ஆனாலோ, ரத்தானாலோ, உரிமையாளர் இறந்தாலோ பிரிவு 21ன்படி காவல் நிலையத்துலயோ லைசென்ஸ் பெற்ற டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும். டீலருக்கு அதுக்கு வாடகை மாதிரி ஒரு கட்டணம் வரும்.

சமவெளியில, சரணாலயத்துல இருந்து 10 கிலோமீட்டருக்கு வெளியில, ரைபிள் கிளப் இருக்கிற ஊர்ல யாராவது இதைச் செய்யறீங்கன்னா, ஒரு சிஏவா சில குறிப்பு:

1. டெபாசிட்டுக்கு வந்த துப்பாக்கி உங்க சரக்கு இல்ல. தனிப் பதிவேடு, தனி அலமாரி. பேலன்ஸ் ஷீட்ல அதைச் சேர்க்காதீங்க. அதுக்கு வாங்கற கட்டணம் மட்டும் உங்க வருமானம்.

2. மளிகைக் கடையில வருஷக் கடைசியில ரெண்டு கிலோ பருப்பு குறைஞ்சா "சேதாரம்"னு எழுதிடலாம். இங்க ஒரே ஒரு தோட்டா குறைஞ்சாலும் அது போலீஸ் கேள்வி. ஆயுதப் பதிவேடு, ஜிஎஸ்டி பில், கணக்குப் புத்தகம் மூணும் எண்ணிக்கை வாரியா ஒத்துப் போகணும். மாசம் ஒருதடவை இல்ல, தினமும் கடை மூடறதுக்கு முன்னாடி.

3. ஒரே வியாபாரத்துக்கு 2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கக் கூடாது. வருமான வரிச் சட்டத்துல வாங்கின தொகை அளவுக்கே அபராதம் உண்டு.

4. லைசென்ஸ் ஒரு சொத்து இல்ல. கடையை வித்தா லைசென்ஸும் கூடவே போகாது. பார்ட்னர் சேர்க்கறதுக்கு முன்னாடியும், பார்ட்னர் விலகறதுக்கு முன்னாடியும் லைசென்ஸ் அதிகாரியைக் கேளுங்க. கம்பெனியா நடத்தினாலும், தப்பு நடந்தா பொறுப்புல இருந்தவர் மேல வழக்கு வரும். "லிமிடெட்"ங்கிற வார்த்தை கடனுக்குத்தான் காப்பு, குற்றத்துக்கு இல்ல.

5. கருமருந்து விக்கணும்னா வெடிபொருள் விதிகள் 2008ன் கீழ தனி லைசென்ஸ். வெளிநாட்டு மாடல் கொண்டுவர ஆசைப்பட்டா இறக்குமதிக்குப் பிரிவு 10ன் கீழ தனி லைசென்ஸ். டீலர் லைசென்ஸ் ஒண்ணே எல்லாத்துக்கும் சாவி இல்ல.

6. கூகுள், ஃபேஸ்புக்ல துப்பாக்கி விளம்பரத்துக்கு அனுமதி கிடையாது. நம்ம வழக்கமா சொல்ற "500 ரூபாய்ல டிஜிட்டல் மார்க்கெட்டிங்" இங்க செல்லாது.

பரண் மேல இருக்கிற தாத்தா துப்பாக்கி

இதுதான் இந்தக் கட்டுரையோட முக்கியமான பகுதி. டீலர் ஆகணும்னு நினைக்கிறவங்க நம்ம வாசகர்கள்ல ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருப்பீங்க. ஆனா இது மலையில நிறைய வீட்டுக்குப் பொருந்தும்.

கிளம்பறப்ப தம்பி சாதாரணமா சொன்னார், "எங்க வீட்டுலயே தாத்தா துப்பாக்கி ஒண்ணு இருக்கு சார். லைசென்ஸ் இருந்தது. அவர் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. பரண்ல கிடக்கு."

எனக்கு 3 லட்சத்தைவிட இதுதான் பதற வச்சது. லைசென்ஸ் தாத்தா பேர்ல இருந்தது. அவர் போன அன்னைக்கே அந்தக் குடும்பத்துக்கு அதை வச்சிருக்கிற உரிமை முடிஞ்சுபோச்சு. லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருந்தா இப்ப குறைஞ்சபட்சம் 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை. சுடலை, எடுக்கலை, துடைக்கக்கூட இல்லைங்கிறது சட்டத்துக்குப் பதில் ஆகாது.

உங்க வீட்டுல இப்படி ஏதாவது இருந்தா:

முதல்ல, அதை யார்கிட்டயும் விக்காதீங்க, தூக்கிப் போடாதீங்க. ரெண்டுமே புதுப் பிரச்சினை.

ரெண்டாவது, பழைய லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எடுத்து வைங்க. ஒரு வக்கீலைக் கூட்டிட்டுப் போய் காவல் நிலையத்துலயோ டீலர்கிட்டயோ ஒப்படைச்சு, துப்பாக்கி எண்ணோட ரசீது வாங்குங்க. தாமதம் ஆனதுக்கு உண்மையான காரணத்தை எழுத்துல குடுங்க.

மூணாவது, குடும்ப நினைவா வச்சுக்கணும்னா வாரிசு பேர்ல லைசென்ஸ் கேட்க 2016 விதிகள்ல வழி இருக்கு. உரிமையாளர் இறந்த அப்புறம் மட்டும் இல்ல, அவருக்கு 70 வயசு ஆனாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வச்சிருந்தாலோ உயிரோட இருக்கறப்பவே மாத்தக் கேட்கலாம். வயசான அப்பா, தாத்தா பேர்ல லைசென்ஸ் இருக்கிற குடும்பங்கள் இதை இப்பவே யோசிங்க. அதுவும் வாரிசு பேர்ல புது லைசென்ஸ்தான். அதனால சரணாலயக் கேள்வி வரும்னு தயாரா போங்க. 2 துப்பாக்கி வரம்புக்குள்ள இதுவும் அடங்கணும்.

அப்ப அந்த 22 லட்சத்துக்கு வேற என்ன வழி?

துப்பாக்கி மேல ஆர்வம்னா 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சிக் கூடம் ஒரு வழி. 4.5 மில்லிமீட்டர் துளைக்கும் 20 ஜூல் சக்திக்கும் உட்பட்ட ஏர்கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்ல. மலை மேல தங்கிப் படிக்கிற பிள்ளைங்க நிறைய. இளவேனில் வாலறிவன் மாதிரி தமிழ்ப் பேர் உலக மேடையில வந்த அப்புறம் இந்த விளையாட்டு மேல பெற்றோருக்கும் ஆர்வம் இருக்கு. ஆனா அதை வச்சு ஒரு குருவியைச் சுட்டாலும் வனவிலங்குச் சட்டம் கேள்வி கேட்கும். சரணாலயத்துக்குள்ள கொண்டுபோகவே எழுத்துல அனுமதி வேணும்.

பன்னித் தொல்லையில இருந்து காசு பண்ணணும்னா விவசாயிக்கு வேண்டியது வேலி. சோலார் வேலி அமைச்சு, பராமரிச்சுக் குடுக்கிற சர்வீஸ். தமிழ்நாட்டுல 2023ல இருந்து மின்வேலிக்குப் பதிவு விதிகள் இருக்கு, காட்டோரம்னா வனத்துறை அனுமதியும் வேணும். அந்தப் பேப்பர் வேலையையும் சேர்த்து செஞ்சு குடுக்கிற ஆள் இருந்தா விவசாயி கூப்பிடுவார். வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணமும் வரும். துப்பாக்கி வாங்கினவர் திரும்ப வர மாட்டார், வேலி போட்டவர் மழை முடிஞ்சதும் போன் பண்ணுவார்.

அந்தத் தம்பி என்ன பண்ணினார்னு கேட்பீங்க. அடுத்த வாரமே வக்கீலோட போய் தாத்தா துப்பாக்கியை ஒப்படைச்சு ரசீது வாங்கிட்டார். அந்த ரசீதை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினார். ஏஜென்ட்கிட்ட இருந்து 1 லட்சம் திரும்பி வந்திருக்கு, மீதிக்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கு. அப்பா 15 லட்சத்தை சேமிப்புத் திட்டத்துல போட்டுட்டார். மீதியில வேலி சர்வீஸ் ஆரம்பிக்கலாமான்னு கணக்கு போட்டுட்டு இருக்கோம். சரியா வந்தா அதை வீடியோவா போடறேன், அதுக்கு யூடியூப்ல தடை இல்ல!

கடைசியா ஒண்ணு. எந்த லைசென்ஸ் தொழிலா இருந்தாலும் பணம் போடறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. எனக்கு லைசென்ஸ் கிடைக்குமா? என் கஸ்டமருக்குக் கிடைக்குமா? வர்ற வரைக்கும் நான் தாக்குப்பிடிப்பேனா? முதல் கேள்வியை எல்லாரும் கேட்கிறோம். பணம் போறது மத்த ரெண்டுலதான்.

உங்க வீட்டுப் பரணையும் ஒருதடவை பார்த்துடுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.